கவிழ்த்து வைத்த வாளி

ஔந்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்த தம்பி குளித்து முடித்ததும், குளியலறையில் டொப்பென்று ஒரு சத்தம். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்திருக்கிறான். அந்தச் சத்தத்தில் நான் சின்ன வயதில் நாங்கள் இருந்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் அங்கே காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். வாளிகளை நிரப்பி வைப்போம். பிடித்து நிற்கப் பழகிய வயதில், தம்பி ஒன்றில் தலைகுப்புற விழுந்தான். சத்தமே கேட்கவில்லை. துணி அலச வந்த அம்மாதான் காலைப் பிடித்து இழுத்தாள். அவன் வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து தண்ணீர் மூடிபோட்ட டிரம்மில் மட்டும்தான். வாளி கவிழ்ந்தே இருக்கும். அவனிடம் யாரும் காரணம் சொன்னதில்லை.

“வாளிய ஏன்டா கவுத்த?” என்றேன்.

“அம்மா அப்படித்தானே வைப்பா? ஏன்க்கா?”

துண்டை வாங்கி, அந்த மீசைக்காரனின் ஈரத்தலையைத் துவட்டிவிட்டேன்.