மச்சான் பூட்டிவிட்டுப் போன கோப்பு

திரையின் அடியில் ஒரு வரி. அதில் கோப்பின் பெயர், பதிப்பு எண், கூடவே மச்சானின் பெயர். தொண்ணூறுகளின் கடைசியில், கல்முனைப் பிரதான வீதியிலிருந்த எங்கள் மாடியறையில், தொடர்ந்து பதினைந்து காலைகள் நான் விழித்த முகம் அதுதான். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சான் என் மாமாவின் மகன். நாங்கள் இருவரும் சேர்ந்து, வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் பட்டியலை அச்சடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். இருந்தது ஒரே கம்பியூட்டர். நண்பகல் லுஹர் தொழுகை வரை எனக்கு, அதற்குப் பிறகு அவனுக்கு. ஒருவன் செய்ததை மற்றவன் கெடுக்காமலிருக்க அவன் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். திருத்துவதற்காகக் கோப்பை எடுப்பவனின் பெயரில் அது பூட்டிக்கொள்ளும். வேலையை முடித்துப் புதிய பதிப்பாகச் சேர்த்தால் பூட்டுத் திறக்கும். நாங்கள் புரோகிராம் எழுதிய எடிட்டரின் அடிவரியைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். எண்ணுக்கு முன்னால் சிறு கோடு இருந்தால் கோப்பு சும்மா கிடக்கிறது, பெயர் இருந்தால் அந்த ஆளின் கையில் இருக்கிறது. ஏற்பாட்டில் ஒரு குறையுமில்லை. குறை ஆளில்தான். எதையும் வாய் திறந்து சொல்லமாட்டான். கேட்டால், "அடிவரியப் பாரு மச்சான்" என்பான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சிறுபோக நெற்செய்கையின்போது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் மார்க்கம் சொல்லும் நாற்பது நாள் ஜமாஅத்தில் புறப்பட்டுவிட்டான். எந்த ஊர், எந்தப் பள்ளிவாசலில் தங்கல், எவருக்கும் தெரியாது. மறுநாள் காலை பட்டியல் கோப்பைத் திறக்கிறேன், அடிவரியில் அவன் பெயர்! போகிற மனிதன் திறந்துவிட்டுப் போகக்கூடாதா? வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போனவன் கதையாக இருந்தது.

இரண்டு வாரம் பொறுத்தேன். வாய்க்கால் திறப்பதற்குப் பொறுப்பான வட்டவிதானை தினமும் படியேறி வந்து பட்டியல் எங்கே என்று கேட்டார். பதினைந்தாம் நாள் பூட்டை உடைத்தேன். உடைப்பவன் காரணம் எழுத வேண்டும், பூட்டியவனுக்கு அது கம்பியூட்டருக்குள்ளேயே கடிதமாகப் போய்ச் சேரும். "நீ எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன்" என்று எழுதினேன். அவன் என்ன மாற்றியிருக்கிறான் என்று ஒப்பிட்டுப் பார்க்க, அதே எடிட்டரில் இரண்டு விசையைத் தட்டினால் போதும். தட்டவில்லை. கோபம். அவன் திருத்தியதை ஒதுக்கிவிட்டு, முந்திய பதிப்பைத் தனியாக எடுத்து, அந்த முறைக்கான நாட்களைச் சேர்த்துப் பட்டியலை அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

வாய்க்காலின் கடைசியிலிருந்த நான்கு வயல்கள் அந்தப் பட்டியலில் விழவேயில்லை. அதில் ஒன்று மாமாவுடையது. கதிர் இன்னும் வெளிவராமல் பயிர் குடலையில் நின்ற, தண்ணீர் தவறக்கூடாத நேரம். பட்டியலில் பேர் இல்லாமல் மதகைத் திறக்க ஏலாது என்று வட்டவிதானை கையை விரித்துவிட்டார். விடுபட்டது தெரிந்து கையால் வேறு பட்டியல் எழுதிக் கொடுப்பதற்குள் ஒரு முறைத் தண்ணீர் போய்விட்டது. கதிர் வெளிவந்த பிறகு ஒரு நாள் மாமா மாடியேறி வந்தார். வெளுத்துப் பதராய்ப் போன ஒரு கதிரை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கம்பியூட்டர் பிழை உடாதெண்டு நீதானே சென்னாய், மருமகன்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாற்பது நாள் முடிந்து வந்த மச்சான் என் கடிதத்தைப் படித்தான். நான் ஒப்பிடாமல் விட்டதை அவனே திரையில் போட்டுக் காட்டினான். கடைசி வயல்கள் விடுபடுவதைக் கண்டுபிடித்து, பாதி திருத்தியிருந்தான்.

"ஓம் மச்சான், பாதியிலதான் உட்டுட்டுப் போனன். அதாலதானே பூட்டிட்டுப் போனன்."

அந்தப் பின்னேரமே மீதியைத் திருத்தி முடித்தான். மறுநாள் காலை அடிவரியில் பெயர் இல்லை, சிறு கோடு மட்டும் இருந்தது.

இப்போது அவன் கட்டாரில். இன்றைய எடிட்டர்களில் அந்தப் பூட்டெல்லாம் இல்லை. மாற்றிய கோப்பு நிறம் மாறித் தெரிகிறது, யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. புறப்படுமுன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் நாக்கா தேய்ந்திருக்கும் என்று இன்றும் எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த அடிவரியில் அவன் சொல்லித்தான் போயிருந்தான். பதினைந்து காலையும் நான் அதைப் படித்தேன், அவன் பெயரை மட்டும்.