மூன்றாவது கம்பனி

நம்பாதவர்கள் கம்பளைக்குப் போய் மின்ஹாவையே கேளுங்கள். திட்டுவாள். ஆனால் பொய் சொல்லமாட்டாள்.

ஊரில் யாராவது இறந்தால், 'வபாத்தானார்' என்று பள்ளிவாசலில் இருந்து எல்லோருடைய போனுக்கும் ஜனாஸா அறிவித்தல் போகும். அதற்கான மென்பொருளை எழுதியவள் மின்ஹா. செய்தியைக் கொண்டுபோக இரண்டு கம்பனிகள். முதலாவது பதில் தராவிட்டால், யாரும் தொடாமலே வேலை இரண்டாவதற்கு மாறிவிடும்.

அன்று பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். பேய் மழை. இரண்டு கம்பனிகளும் படுத்துவிட்டன. அவள் வீட்டிலிருந்து கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வரி வந்தது.

'மூன்றாவது கம்பனி வழியாக அனுப்பப்பட்டது.'

மூன்றாவது என்று ஒன்றை அவள் சேர்க்கவே இல்லை...

டிங். அவளுடைய போன்.

'பஹ்மி வபாத்தானார். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின்.'

பஹ்மி அவளுடைய அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து அறையில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார், மடுல்கெல்லைக்கு லொறி கொண்டுபோக.

மின்ஹாவுக்குக் கோபம் வந்தது. லொறிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மௌத்து அல்லாஹ்ட கையில தங்கச்சி. சாவியத் தா."

"அப்ப கம்பியூட்டர்ட கையில இல்லத்தானே. இரிங்க."

கதவைப் பூட்டி, கதிரையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். செய்தி ஊருக்கே போயிருந்தது; போன் ஓயவில்லை. கப்ரு வெட்டும் முஹைதீன் மாமாவும் கோல் எடுத்தார்.

"குழி ரெடி மகள்."

"நானா உசிரோட ஈக்கிறார் மாமா. மூடுங்க."

"மழையில ஏலாது. காலைல மூடுறன்."

அவள் கணினியில் தட்டினாள்: 'பஹ்மி வரமாட்டார்.'

டிங்.

'பெறுநர் கிடைக்கவில்லை. அடுத்தவருக்கு மாற்றப்படுகிறது.'

கம்பனி மாறும்போது வர அவள் எழுதிய அதே வாசகம், 'கம்பனி' இருந்த இடத்தில் 'பெறுநர்'.

அடுத்தவர்... யார்?

தானாக மாறும் அந்த விதியையே அழித்தாள்.

'அடுத்தவர் யாரும் இல்லை. போ.'

பதில் வரவில்லை.

அஸர் பாங்கு கேட்டது. நானா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையை அவள் முதல்முறையாக ஆசையோடு கேட்டாள்.

காலையில் முஹைதீன் மாமா கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"குழிய மூடினது யாரு மகள்? தலைமாட்டில மீஸான் கட்டையும் நட்டீக்கி."

"யாரோ. எங்கட வீட்டில எல்லாரும் ஈக்கிறோம். அது போதும்."

"அதில்ல... மையித்துக்கு மேல அடுக்க வெச்ச பலகை ஒண்டும் வெளிய இல்ல, எல்லாம் குழிக்குள்ள."

முதல் நாளும் அன்றும் ஊரில் ஒருவரும் வபாத்தாகவில்லை.