மகாராஜன் கட்டிய கொடிகள்

சங்கரன்கோவிலில் மகாராஜன் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். கொடி மகாராஜன் என்று கேட்டால் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். கட்சிக் கொடி என்று எண்ணிவிட வேண்டாம், துணி காயப்போடும் கொடி. மேலநீலிதநல்லூரில் எழுத்தர் வேலை, ஒரு மனைவி, ஒரு மகள் என்று இருக்கிற மனிதருக்கு அரசியல் எதற்கு?

குடியிருப்பது வாடகை வீட்டின் கீழ்த்தளம். மொட்டை மாடிச் சாவியை வீட்டுக்காரர் யாருக்கும் தருவதில்லை. அதனால் முன்னறை தொடங்கி அடுப்படி வரை பதினோரு நைலான் கொடிகள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும், நிழலில் காய்ந்தால் சட்டை பத்து வருஷம் கூடுதலாக உழைக்கும் என்பது அவர் சித்தாந்தம். அதற்கு அத்தாட்சியாக, கல்யாணமான மறுவருஷம் எடுத்த கட்டம்போட்ட சட்டையை இன்னும் போட்டுக்கொண்டு அலைகிறார். அதில் கட்டம் இருந்ததை அவர் சொல்லித்தான் நாம் நம்ப வேண்டும்.

மாடியில் குடியிருக்கும் முகம்மது அப்சல் துபாயிலிருந்து லீவில் வந்தபோது துணி உலர்த்தும் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். அது ஓடும்போதெல்லாம் மகாராஜன் மீட்டர் பெட்டி முன்னால் போய் நிற்பார். அப்சல் வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று மினுக்கும். பில் கட்டப்போவது அப்சல், வயிறு எரிவது இவருக்கு. இப்படி ஒரு நல்ல மனுஷனை மிஷின் கெடுத்துவிட்டதே என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

கொடிகளை மனைவி ஞானபூரணத்துக்கு எட்டுகிற உயரத்தில் கட்டியிருந்தார். ஞானபூரணம் குள்ளம். மகள் யோகலட்சுமியோ அப்பாவைப் போல நெட்டை. ஈரப் பாவாடை முகத்தில் அறையாமல் இருக்க, பத்தாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்குள் குனிந்து நடந்து பழகிவிட்டாள். இப்போது இருபத்தாறு வயது, கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் ஒரு அதட்டுப் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். 

அந்தக் குரலே அவளுக்கு வினையாயிற்று. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும், பொண்ணுக்கு வாய் கூடுதல் என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள். நாலாவதாக வாசுதேவநல்லூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் லிங்கேஷ், வேளாண்மைத் துறையில் வேலை. போனில் இரண்டு முறை பேசியதிலேயே யோகலட்சுமிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இதுவாவது அமைய வேண்டுமே என்ற கவலையில் மகாராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞானபூரணம் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள்.

"பொண்ணு பாக்க வாரவங்க நம்ம உள்பாவாடையையும் சேத்தா பாத்துட்டுப் போவாங்க? மொதல்ல எல்லாத்தையும் அவுருங்க."

மகாராஜன் பதினோரு கொடிகளையும் அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டார். வீடு திடீரென்று பெரிதாகி, யார் வீட்டிலோ வந்து நிற்பது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிங்கேஷும் அவன் அப்பா பொன்னுச்சாமியும் அம்மா ராஜேஸ்வரியும் வந்தார்கள். யோகலட்சுமி காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து புறப்பட்டாள். கொடி இல்லை என்பது அவள் கழுத்துக்குத் தெரியவில்லை. முன்னறை வந்து சேரும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. ராஜேஸ்வரி நெகிழ்ந்து போனாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று புருஷனிடம் வாய்விட்டே சொன்னாள். மகாராஜனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சின்ன வயதிலிருந்தே பிள்ளை அப்படித்தான் என்று ஒரு போடு போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லைதான்.

யோகலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நான் குனிஞ்சது அடக்கத்துல இல்ல. இங்கன பூரா துணி காயப்போடுத கொடி கெடந்துச்சு, நேத்துதான் அப்பா அவுத்தாங்க. நான் சத்தமாத்தான் பேசுவேன். தப்புன்னா தப்புன்னு சொல்லிருவேன். பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதுல்லா, அதான் இப்பமே சொல்லுதேன்."

நாலாவது இடமும் போயிற்று என்று மகாராஜனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ராஜேஸ்வரியின் பார்வை சுவர்களில் இருந்த கொக்கிகளின் மேல் ஒவ்வொன்றாக ஓடியது. எதற்கு இத்தனை என்று கேட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மகாராஜன் தன் சித்தாந்தம் முழுவதையும் கொட்டினார். நிழல், சாயம், மீட்டர், சிவப்பு விளக்கு, ஒன்றையும் விடவில்லை.

பொன்னுச்சாமிக்குக் காப்பி புரையேறியது. காரணம் இருந்தது. போன மழைக்கு அவரும் மகனும் ராஜேஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அதே போலத் துணி உலர்த்தும் மிஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு வந்த பில்லைப் பற்றி அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டே விவரமாகச் சொன்னாள். பிறகு மகாராஜன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நீங்க எங்க வீட்டுக்கு வந்து நாலு கொடி கட்டித் தாங்க. பிள்ளைய எனக்குத் தாங்க. நான் ஒத்தையில கத்தியும் இந்த ரெண்டு பேரும் கேக்க மாட்டேங்காங்க. சத்தம் போட எனக்கும் ஒரு ஆள் வேணும்."

லிங்கேஷ் சிரித்துவிட்டான். மகாராஜன் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். நாளைக்கே வந்து கட்டுகிறேன் என்றார்.

"கட்டுங்கப்பா," என்றாள் யோகலட்சுமி. "ஆனா என் தலைக்கு மேல கட்டுங்க. அங்கனயாவது நான் நிமிந்து நடக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மகாராஜனால் முடியவில்லை, சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாகச் சட்டையின் சாயத்தைக் கவனித்தவன் பிள்ளையின் கழுத்தைக் கவனிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மகளைச் சுவரோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி நாளைக்குக் கட்டப்போகும் கொடிக்கு அளவாக உச்சந்தலைக்கு நேரே ஒரு கோடு போட்டார். கொஞ்சம் யோசித்தார். அதற்கும் மேலே ஒரு சாண் அளந்து இன்னொரு கோடு போட்டார். அது எதற்கு என்று ராஜேஸ்வரி கேட்டாள்.

"பூ வச்சிருந்தா தட்டக் கூடாதுல்லா," என்றார் மகாராஜன்.