ஒரு வீட்டுக்கு ஒரு குரூப்

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே குரூப்பைப் படிக்கக் கூடாது என்று எங்கள் பெரியப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். கூட்டேரிப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் வேறெந்த வீட்டிலும் இப்படியொரு சட்டம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பத்தாவது முடித்த பிள்ளையை எங்கள் பக்கத்தில் வழியில் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்ளோ மார்க்கு. இரண்டாவது கேள்வி, இன்னா குரூப்பு. மூன்றாவது கேள்வி கிடையாது. அந்த இரண்டிலேயே ஆளை எடைபோட்டு, இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பஸ்ட் குரூப் என்றால் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். கணக்கும் அறிவியலும் இருப்பது அது. காமர்ஸ் என்றால், "பரவால்ல, அதுலயும் வேல கெடைக்குதாம்" என்று ஆறுதல் சொல்வார்கள். யாரும் செத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் ஆறுதல் சொல்வார்கள்.

எங்களுடையது கூட்டுக்குடும்பம். நிலத்தை எல்லாம் பெரியப்பா பார்த்துக்கொண்டார். என் அப்பா விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். பெரியப்பாவின் மூத்த மகள் அப்போது கம்ப்யூட்டர் குரூப் முடித்துவிட்டுக் கல்லூரியில் இருந்தாள். இளையவன் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவன். அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. நான் ஆள் இருக்கும்போது அண்ணன் என்றும் இல்லாதபோது டேய் என்றும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வகுப்பு.

பத்தாவது ரிசல்ட் அக்காவின் செல்போனில் வந்தது. என் மார்க் அவனுடையதைவிட நாற்பது கூட. அம்மா சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா, "பொட்டப் புள்ளைங்க மனப்பாடம் பண்ணிக்கினு ஒப்பிச்சிடுதுங்க, பசங்களுக்கு அது வராது" என்றாள். பக்கத்து வீட்டு அத்தை இரண்டு மார்க்கையும் வாய்விட்டுக் கழித்துப் பார்க்க ஆரம்பித்ததும், பெரியப்பா மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதாக எழுந்து போய்விட்டார். அன்றைக்குக் கரண்ட்டே இல்லை.

எனக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். எங்கள் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, மயிலத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் ஸ்கூட்டியில் வந்து, கையைத் தோள்வரைக்கும் விட்டுக் கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, காபி வேண்டாம், மோர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். அந்த மோரைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அதற்கப்புறம் எனக்கு வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை. அதற்குப் பஸ்ட் குரூப் வேண்டும்.

அண்ணனுக்கும் பஸ்ட் குரூப்தான் வேண்டும். ஏன் என்றால், அவன் கிரிக்கெட் கூட்டாளிகள் எல்லாரும் அதைத்தான் எடுத்தார்கள்.

இரண்டு பேரும் எடுத்தால் என்ன என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அப்போதுதான் சாப்பிடும் இடத்தில் பெரியப்பா அந்தச் சட்டத்தைச் சொன்னார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; அதை வைத்து என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கழனி, கொல்லி எல்லாத்துலயும் மல்லாட்டையே போடுவியா நீ?"

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு நோய் வந்தா மொத்தமும் பூடும்."

"அப்பறம் இன்னா. ஒருத்தரு பஸ்ட் குரூப்பு, ஒருத்தரு காமர்ஸு. கம்ப்யூட்டரு ஏற்கெனவே போட்டாச்சி."

போட்டாச்சி என்று அவர் சொன்னது அக்காவை. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் அறுவடைக்கு வந்துட்டேனாப்பா?" என்று கேட்டாள்.

அண்ணன் விடவில்லை. "குரூப்புக்கு இன்னா நோயிப்பா வரும்?"

"வரும்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

யாருக்கு எது என்பதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்கிறேன் என்றுவிட்டார். அங்கேதான் வினையே.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் நேருக்கு நேர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டையெல்லாம் மாட்டின் பேரிலும் கோழியின் பேரிலும்தான் நடக்கும். மறுநாள் விடியலில் அம்மா பால் கறந்துகொண்டே பசுவிடம், "அவங்கவங்க புள்ளைக்கு வெச்சது போவ மிச்சந்தான் உனக்கு, வாய மூடிக்கினு தின்னு" என்றாள். அந்தப் பக்கம் பெரியம்மா கோழிக்குக் கேப்பையை இறைத்தபடி, "நாலு மார்க்கு வாங்கிட்டா கொம்பு மொளைச்சிடுமா? போ, போயி மேயி" என்றாள். பசுவும் கோழியும் இதற்கெல்லாம் பழகியவை. அம்மாவின் முடிவு தெளிவாக இருந்தது. பெரியப்பா தன் மகனுக்குத்தான் பஸ்ட் குரூப்பைக் கொடுப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

நான் அப்பாவிடம் போனேன். நீயே சொல்லிவிடேன், உன் மகள்தானே, பெரியப்பாவைவிட நீதானே படித்தவன் என்றெல்லாம் கேட்டேன். அப்பா சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா சொல்றதுதான்."

"நீ ஒரு வார்த்த சொல்லேன்பா."

"அதுல நான் பேசுனா நல்லா இருக்காது" என்று சொல்லி, தேய்த்த சட்டைக் கையையே மறுபடி தேய்த்தார். அப்பாவுக்குப் பெரியப்பா என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப் பயந்தவருக்கு யார் உத்தியோகம் கொடுத்தார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கத் திண்டிவனத்துக்குப் பெரியப்பா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, கக்கத்தில் சான்றிதழ் வைத்த ஜவுளிக்கடைப் பை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பழைய பள்ளி அது. வேப்பமரத்தடியில் பெற்றோர் கூட்டம் நின்றது. பிள்ளைகள் பேசவே இல்லை. பெற்றோர்தான் ஒருவரையொருவர், "இன்னா குரூப்பு எடுக்கறோம்" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கிறோம் என்றுதான் கேட்டார்கள். அவர்களே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரப்போவது மாதிரி.

உள்ளே சேர்க்கையைப் பார்த்துக்கொண்டது ஓர் ஆசிரியை. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேசையில் தேடுகிற ரகம். மற்ற இடங்களில் மார்க்கைப் பார்த்துத் தாளில் ஒரு எழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இவர் பிள்ளைகளையே கேட்டார். என்னைக் கேட்டார். மாட்டு டாக்டர் என்றேன். சிரிக்காமல், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று கேட்டார். வராது என்றேன். பிறகு அண்ணனைக் கேட்டார்.

"பஸ்ட் குரூப் மிஸ்."

"எதுக்கு?"

"எல்லாரும் அதான் மிஸ் எடுக்குறாங்க."

"எல்லாரும் எடுக்கட்டும்பா. ஸ்கூல் இல்லாத நாள்ல நீ இன்னா பண்ணுவ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம். பிறகு மெதுவாக, "மேட்ச்சுக்கு ஸ்கோர் எழுதுவேன்" என்றான். ஊர் ஊருக்கு நடக்கிற கிரிக்கெட் போட்டிகளுக்கு இவனைத்தான் ஸ்கோர் எழுதக் கூப்பிடுவார்களாம். இன்னும் எத்தனை பந்தில் எத்தனை ஓட்டம் வேண்டும் என்பதை மைக்கில் உடனுக்குடன் சொல்வானாம். அவன் மட்டையைத் தொட்டுக்கூட யாரும் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவன் போகிற ஊரெல்லாம் அவன் குரலுக்குத்தான் காத்திருக்கும் என்பது தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியாது போலிருக்கிறது. "மைக்லயா?" என்று கேட்டார்.

ஆசிரியை இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு பேருக்கும் மார்க் இருக்குதுங்க ஐயா. ரெண்டு பேரையுமே பஸ்ட் குரூப்ல, ஒரே செக்‌ஷன்ல போட்டுடட்டுமா? ஒரே வீடு, ஒண்ணா உக்காந்து படிச்சிக்குவாங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தருக்குப் போட்டியும் இருக்கும்."

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அது வாணாம்மா. ஒரே கிளாஸு வாணாம்."

"ஏங்க?"

அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். பிறகு கழனி, கொல்லி, மல்லாட்டை என்று ஆரம்பித்தார். ஆசிரியை, "பிள்ளைங்க இன்னா பயிராங்க?" என்று சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

"சரி, யாருக்கு எது?"

நான் தரையைப் பார்த்தேன். மாட்டு டாக்டரும் மோரும் ஸ்கூட்டியும் கண்முன்னால் கிளம்பிப் போவது தெரிந்தது.

"பொண்ணுக்கு பஸ்ட் குரூப்பு" என்றார் பெரியப்பா. "பையனுக்கு காமர்ஸ் போடுங்கம்மா."

அண்ணன் காது சிவந்தது. அவன் எதிர்த்துப் பேசுவான் என்று பெரியப்பா எதிர்பார்த்தார் போல, அவன் பக்கம் திரும்பி நின்றார். அவன் மேசையையே பார்த்தான். ஆசிரியை பேனாவை எடுத்து, "தம்பி, நீ சொல்லு, உனக்கு சம்மதமா? இல்லன்னா நான் எழுத மாட்டேன்" என்றார். அவன், "காமர்ஸ்ல கணக்கு வருமா மிஸ்?" என்று கேட்டான். "கணக்குதான்பா அது முழுக்க" என்றார். அவன் தலையாட்டினான். ஆசிரியை எழுதினார்.

எனக்கு நீதி கிடைத்துவிட்டது. கூட மார்க் வாங்கியவளுக்குப் பெரிய குரூப். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெளியே வந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் பெரியப்பாவைப் பார்த்ததும் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து தோளில் அடித்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்களாம்.

"தம்பி எப்டிடா இருக்கறான்?"

"விழுப்புரம் போய்க்கினு வந்துக்கினு கீறான்."

"இதுங்க ரெண்டும்?"

"ஒண்ணு என்னுது. ஒண்ணு அவன்து."

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வயசா? அடப்பாவி, உங்க கததான். நீ எட்டாவதுல பெயிலாயி ஒரு வருசம் குந்திட்ட, தம்பிக்காரன் வந்து உன் பக்கத்துலயே சேந்துக்கினான். ரெண்டு வருசம். வாத்தியாரு பேப்பர் குடுக்கும்போது உங்களோடத மட்டும் ஒண்ணாப் பின் குத்திக் குடுப்பாரு, ஞாபகம் இருக்குதா? அவன்து மேல, உன்னுது கீழ. கிளாஸே சிரிக்கும். ஒருநாளு உன் தம்பி அந்தப் பின்னப் புடுங்கிப் போட்டுட்டு வெளிய எழுந்து போனான் பாரு."

"டீ பொங்குது பாரு, போ" என்றார் பெரியப்பா.

கடைக்காரர் போகவில்லை. "இதுங்களும் ஒரே கிளாஸாடா?"

"இனிமே இல்ல. இப்பத்தான் பிரிச்சிப் போட்டுட்டு வர்றேன்."

கடைக்காரர் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தார். பிறகு அண்ணன் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "நல்லதாப் போச்சி" என்றார்.

நான் பன்னைத் தின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பஸ்ட் குரூப் கிடைத்ததைத்தான் அவர் நல்லது என்கிறார் என்று நினைத்தேன். அப்படியானால் என் தலையை அல்லவா ஆட்ட வேண்டும், ஆளை மாற்றிவிட்டாரே என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் மார்க்கைக் கேட்டார்கள். ஒன்று உயிரியல், ஒன்று கணக்குப்பதிவியல். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அம்மாவும் பெரியம்மாவும் மாட்டோடும் கோழியோடும் பேசுவதுகூடக் குறைந்துபோனது.

அன்றைக்குத் திண்டிவனத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. பெரியப்பா அண்ணனை ஜன்னலோரம் உட்காரவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏதோ கேட்டார், அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி கேட்டார். "மைக்ல எப்டிடா சொல்லுவ? இப்ப சொல்லு பாக்கலாம்." பாதி வழி போன பிறகு அவன் முணுமுணுப்பாக எதையோ சொல்ல, பெரியப்பா காதை அவன் வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்க் குனிந்து கேட்டார். பின்சீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதிக மார்க் வாங்கியவள் பக்கத்தில் ஏன் பெரியப்பா உட்காரவில்லை என்று கூட்டேரிப்பட்டு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.