மலைக்குப் பின்னால் என் பற்கள்

என் வீட்டு ஜன்னலோரம் ஒரு பொம்மை ரயில் நிற்கிறது. அதன் பின்னணியில் கல்வராயன் மலை. மலையின் நடுவே என் பற்கள். குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்களில் வங்கி ஊழியரின் பல்லும் உண்டென்று நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் மலையை வரைந்திருப்பது ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் முதுகில். முன்பக்கத்தில் இளித்துக்கொண்டிருப்பவன் நான்.

ரயில் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டவர். டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தபின் அவருக்கு மிஞ்சியவை கட்டில், கூடத்து ஜன்னல், அதன் அடியில் இந்த ரயில். பொம்மை ரயில் விடும் மற்றவர்கள் பின்னணிக்கு எதையெதையோ வாங்கி ஒட்டுகிறார்கள். மாமா ஜன்னலைத் திறப்பார். காசில்லாமல் மலையே வந்து ரயிலுக்குப் பின்னால் நிற்கும். சாயங்காலம் அது நீலமாகும் நேரம் பார்த்துத்தான் ரயிலை விடுவார். நாள் முழுக்க அதற்காகவே காத்திருப்பார்.

அவர் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான். என் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? ஜன்னலுக்கு நேரெதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், சவுக்குக் கம்பு நட்டு என்னை ஏற்றிவிட்டார்கள். கூலிங் கிளாஸ், கூப்பிய கை, ‘சீரோடு வரும் சிங்கமே!’. விருந்து முடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். சிங்கத்தைப் பிரிக்க ஆளில்லை.

"இன்னா மச்சான், மலையக் காணோம். உன் பல்லுதான் தெரியுது" என்றார் மாமா.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். "எங்க தம்பி மூஞ்சி அவ்ளோ கசக்குதா? தாய்மாமன் பேனர்ல கை வெச்சுப் பாருங்க, அடுத்த பஸ்ல எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

நானே அவிழ்க்கிறேன் என்று எழுந்தேன். "நீ ஒக்கார்றா" என்றாள். சிங்கம் உட்கார்ந்தது.

மாமா மலிவாக ஒரு மலை தேடினார். தெர்மாகோலைச் செதுக்கினால் உதிர்ந்த மணிகள் தண்டவாளத்தில் ஒட்டி ரயிலை நிறுத்தின. சார்ட் பேப்பர் மழை ஈரத்தில் தொட்டில் போலத் தொய்ந்தது. அக்காவின் நீலப் புடவையை மாட்டியபோது மின்விசிறிக் காற்றில் மலை நடனமாடியது. கடைசியில் ஆடிக் காற்று என்னைக் கிழித்து அவர் வாசலிலேயே போட்டது. மறுநாளே அதே கம்பில் யாரோ ஒருவர் புதுப் பேனரில் கூப்பிய கையோடு ஏறிக்கொண்டார்.

"கம்பு நிக்கிற வரைக்கும் நமக்கு மலை இல்ல மச்சான். உன்னையே திருப்பிப் போட்டு வரஞ்சிக்கறேன். ஓசிச் சரக்கு, ஈரம் பட்டாலும் தொய்யாது."

கட்டிலில் சாய்ந்தபடியே, வெள்ளை முதுகில் நீல டிஸ்டம்பரால் மலையை வரைந்தார். மடிப்பு மடிப்பாக, அச்சு அசல் அதே மலை. ஜன்னலில் மாட்டி, சாயங்காலம் ரயிலை விட்டார். புதியவரின் தலைக்கு மேலாக நுழைந்த மேற்கு வெயில் பேனரை ஊடுருவியது. மலைக்குள்ளிருந்து நான் இளித்தேன்.

மாமா ரயிலை நிறுத்தினார். பிறகு, "இனிமே காலையிலயே வுட்டுக்கறேன். சாயங்காலம் உன்னுது" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்தபின் அக்கா ரயிலையும் மலையையும் என்னிடம் அனுப்பிவிட்டாள். தம்பி படம் போட்டதாயிற்றே. கள்ளக்குறிச்சியில் என் ஜன்னலுக்கு எதிரே இருப்பது ஒரு விளம்பரப் பலகை. பிளாஸ்டிக்கில் டிஸ்டம்பர் நிற்காது போலிருக்கிறது; மாமாவின் கைபட்ட மலை தினமும் கொஞ்சம் தண்டவாளத்தில் உதிர்கிறது. நீலத்தூளைப் பெருக்கி எடுக்கிறேன். முன்பக்கத்து மூஞ்சிக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை. பலகையில் விளக்கு எரிந்ததும், முன்னைவிடப் பளிச்சென்று பல் தெரிகிறது.

நானும் இப்போது காலையில்தான் ரயில் விடுகிறேன்.