வராந்தாக் கண்ணாடிகளும் இறங்காத பிரீமியமும்

எழுபதுகளில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மேட்ரனாக இருந்தேன். மேட்ரன் என்பது பெயருக்குத்தான். அரிசி வாங்குவது, மருந்து கொடுப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் நானே. பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு ஆயாக்கள். கட்டடம் ஒரு பண்ணைக் குடும்பம் தர்மத்துக்கு விட்டது. அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் செக்ரட்டரி. நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்த ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அவருடைய தம்பி மகன் நஷ்டஈடு கேட்டு வந்து நின்றான். விபத்துக்கும் சேர்த்து இல்லத்தின் பேரில் இன்சூரன்ஸ் இருந்ததால் கம்பெனி கொடுத்தது. ஆனால் அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கப் போனபோது பிரீமியத்தை ஏற்றிவிட்டார்கள். செக்ரட்டரி பாலக்காட்டு ஆபீசுக்கே போய் வாதாடினார். எல்லாரும் எப்போதும் கண் பார்வையில் இருக்கும்படி ஏதாவது ஏற்பாடு செய்தால் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று அங்கிருந்த ஆபீசர் சொல்லியிருக்கிறார். சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, செக்ரட்டரி நேரே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தபோது வைக்கோல் சுற்றிய பெட்டிகளில் வட்டவட்டமாக உப்பிய கண்ணாடிகள்.

"ஏனுங் அம்மணி, பஸ்ஸுல டிரைவரு பின்னால பாக்கறதுக்கு வெச்சிருப்பானல்லங்க, அந்த மாதிரி. வராந்தா நடுவால ஒரு நாற்காலியப் போட்டு ஆயா உக்காந்துட்டாப் போதும். அத்தன ரூமும் தெரியுமுங்க" என்றார்.

"ஆரு உழுந்தாலும் கண்ணாடி புடிச்சுக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"உழுகறதுக்கு முன்னாலயே பாத்துப்போடலாமுங்க."

வராந்தா உத்தரத்தில் அவற்றை மாட்டி, ரூம்கள் கண்ணாடியில் தெரியவேண்டுமென்று வாசல் திரைகளைக் கழற்றச் சொன்னார். மறுவாரம் ஆயாக்களில் சின்னவளை நிறுத்திவிட்டார். பிரீமியம் இறங்குகிறவரைக்கும் எங்கேயாவது செலவைப் பிடிக்க வேண்டுமல்லவா என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த ஒரு கிழவி எங்களிடம் இருந்தாள். இங்கே கட்டிக்கொடுத்திருந்த மகள் இறந்துபோனதும் மருமகன் கொண்டுவந்து விட்டிருந்தான். அவள் தன் பழைய சேலையை எடுத்து வாசலில் கட்டினாள். நான் அவிழ்த்தேன். மறுபடி கட்டினாள்.

"ஏ தாயி, தோட்டத்துலதான் கங்காணி கண்ணு முதுகுலயே இருந்துச்சு. இங்கன நான் சேலை மாத்துறதையும் ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க, ஆத்தா."

"அவன் வீட்டுல போயி மாட்டிக்கிறச் சொல்லு."

அவளுக்கு எதிர்த்த ரூமில் ஒரு கவுண்டர். தன் கட்டிலில் படுத்தபடியே கண்ணாடியில் சமையல்கட்டு வாசல் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து, "இன்னைக்கும் கீரையா?" என்று சத்தம். யார் டம்ளரில் பால் அதிகம் ஊற்றினார்கள் என்று புகார். எனக்குத் தலை வெடித்தது. மிச்சமிருந்த பெரிய ஆயா ஒருநாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் உக்காந்து பாக்கறதா, எந்திரிச்சுத் தூக்கறதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

நான் எதைச் சொல்வது? தூக்கச் சொன்னேன். நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசரையும் அழைத்துக்கொண்டு செக்ரட்டரி வந்துவிட்டார். அப்போது ஆயாவும் நானும் பின்கட்டில், இடுப்பெலும்பு முறிந்தவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். ஈரச் சேலையோடு நான் முன்னால் வந்தபோது ஆபீசர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து கவுண்டர் அவருக்குக் கும்பிடு போட்டார். கிழவியின் வாசலில் சேலை தொங்கியது.

"கண்ணாடி கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார் ஆபீசர். "நோக்கான் ஆளெவிடே?"

பார்க்கிற ஆள் நனைந்துபோய் எதிரில் நிற்கிறேன்.

"ரெண்டு ஆயா உண்டாயிருந்ததல்லே?" என்று அடுத்துக் கேட்டார்.

"ஒருத்திய நிறுத்தீட்டமுங்க. அதுதான் கண்ணாடி இருக்குதுங்களே" என்றார் செக்ரட்டரி, பெருமையாக.

"அப்போ ரிஸ்க் கூடியல்லோ!"

பிரீமியம் குறையாது, இப்படியே போனால் ஏறவும் ஏறலாம் என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடித்துக் கிளம்பிப் போனார். செக்ரட்டரி அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்தாளுதானுங்க அம்மணி சொன்னான், கண் பார்வைல வையின்னு."

"சொன்னாருங்க. அவரு வந்து தூக்கமாட்டாருங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "ரெண்டு பேரு இருந்தப்பவே ஒருத்தர் உழுந்தாருங்க. இப்ப நானும் அவளும்தான். நாளைக்கு இன்னொருத்தர் உழுந்தா நீங்க கண்ணாடியக் கொண்டுபோயி கட்டுப் போடுவீங்களா?"

அவர் அன்று சாயங்காலமே சின்னவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் அதற்குள் கடலை மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூலி கூட்டிக் கேட்டாள். கொடுத்துக் கூட்டி வந்தார். திரைகளை நானே மாட்டினேன். கிழவி தன் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டாள், எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறவள் மாதிரி.

அடுத்த முறை பாலிசி புதுப்பித்தபோது பிரீமியம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. அந்த வாரம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். மாடு பார்க்க வந்த யாரோ ஒரு பள்ளிக்கூட மேனேஜரிடம் செக்ரட்டரி சொல்வது காதில் விழுந்தது.

"கண்ணாடி மாட்டுனதுனாலதானுங்க அவன் ஏத்தாம உட்டான். உங்க பள்ளிக்கூடத்துக்கும் ரெண்டு வாங்கிப்போடுங்க."

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டடி வைத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன்.