நடுத் தலைமுறை ஜீப்

இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். அது கல்லைப் போல இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப முழு உடம்பும் தேவைப்பட்டது. பக்கத்து சீட்டில் இருந்த இந்திரகுமார் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே, வளைவு! வளைவு அண்ணே!"

வளைவு எனக்கும் தெரிந்தது. ஜீப்பை மேட்டுப் பக்கம் தள்ளி, மண் சுவரில் உரசி, ஒரு சில்லை ரோட்டோர வடிகானுக்குள் இறக்கி நிறுத்தினேன். அதிர்ச்சியில் பக்கத்து ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை கழன்று பொனட்டில் விழுந்தது. பால் வழிந்தது.

"எஞ்சின் நின்னுட்டுதா?" என்று இந்திரகுமார் கேட்டார்.

"நிக்கல தம்பி. நான்தான் நிப்பாட்டினேன்."

"எப்ப?"

"மேல, இறக்கம் தொடங்குற இடத்துல."

அவர் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். கித்துல்கலையில் சுற்றுலாக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் இறக்கும் இடம் ஒன்றுக்கு அவர் மேனேஜர். படகுகளையும் ஆட்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஜீப் வேண்டும். அன்று காலை எனக்குப் பரீட்சை. தேறினால் அந்த சீசன் முழுவதும் வேலை என்னுடையது. தேறாவிட்டால் எங்கள் தோட்டத்து ரப்பர் ஃபெக்டரி கேட்டில் வோச்சர் வேலை. அந்த வேலையைத் தோட்டத்தை நடத்தும் துரை அந்த மாதத் தொடக்கத்தில் கூப்பிட்டுக் கொடுத்தார். கிளார்க், கங்காணி எல்லோரும் நிற்க, "ஜீப் வச்சிருக்கிறவன் கேட்டுல நிக்கிறதாங்க?" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். துரை சிரித்துவிட்டு, மாதக் கடைசி வரை இடம் காலியாக இருக்கும் என்றார். அன்று மாதக் கடைசிக்கு முதல் நாள்.

ஏற்றத்தில் ஜீப் தேறிவிட்டது. அதுதான் வேடிக்கை. கூரையில் மூன்று படகு, உள்ளே ஆறு வெள்ளைக்காரர்கள். சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆட்களை ஆற்றங்கரையில் இறக்கியதும் இந்திரகுமார் தோளில் தட்டி, "பாஸ் அண்ணே" என்றார். திரும்பும்போது சந்தோஷத்தில் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியது.

கை அப்படிப் பழகிய கை. யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் துரையின் ஜீப்பை ஓட்டினேன். டீசல் அளந்துதான் கிடைக்கும். மாத முடிவில் மிச்சம் காட்டுகிறவன் நல்ல டிரைவர். ஆகவே இறக்கத்தில் எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவோம். எஞ்சின் சத்தத்தோடு இறங்குகிறவனைப் பார்த்தால், புது டிரைவர் என்று லயத்து வீடுகளில் இருக்கும் சனம் சொல்லிவிடும். நான் ஃபெக்டரி வாசல் வரை சத்தமில்லாமல் வந்து நிற்பேன். துரை தூங்கிக்கொண்டிருப்பார். அதை ஒரு கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துரையின் ஜீப், அந்த மொடலில் முதல் தலைமுறை. பெட்டி போல இருக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஆளின் பலத்தில்தான் வேலை செய்யும். எஞ்சின் ஓடினாலும் ஒன்று, ஓடாவிட்டாலும் ஒன்று. துருவைத் தவிர வேறு நோய் அதற்கு வந்ததில்லை. நான் வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் அதே பெயரில் ஒரு ஜீப் வாங்கப் போனேன். கிடைத்தது இரண்டாம் தலைமுறை. மூலைகள் உருண்டை, கியர் தானாக மாறும், உள்ளே நல்ல வாசனை. பெயர் அதேதானே என்று வாங்கிவிட்டேன்.

பஜாரில் கராஜ் வைத்திருக்கும் நுஹ்மானை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் அன்றைக்கே சொன்னார்: "மூத்தது இரும்பு. இளையதுல எல்லாக் குறையையும் திருத்திட்டாங்க. நடுவுல உள்ளதுதான் கொஞ்சம் பிரச்சினை. ரேடியேட்டர் சின்னது, மலைக்கு ஆகாது."

இதைக் கேட்டு என் மனைவி விஜயகலா சொன்னாள்: "அண்ணன் தம்பி மூணு பேர்ல மூத்தவரு கங்காணி. இளையவரு கத்தார்ல. நடுவுல உள்ளதுதான் எனக்கு வாய்ச்சிருக்கு. ஜீப்பும் அப்படித்தான் வந்து சேரும்."

ரேடியேட்டரை மாற்றினோம். அதன் பிறகு என் புகார் பிரேக் பற்றித்தான். நான்கு தடவை நுஹ்மானிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பூட்டி, பஜார் தெருவில் ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்பார். தோட்டத்து இறக்கத்தில் மறுபடி கல்லாகிவிடும். மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் நல்ல பிள்ளை போல நடிக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த இரண்டாம் தலைமுறையை நம்பவே கூடாது என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் கோயில் திருவிழாவிலும் சொல்லி வந்தேன். அனுபவஸ்தன் சொல்கிறான் என்று சனமும் கேட்டது. வேறொரு கங்காணியின் மச்சான் அதே மாதிரி ஜீப் ஒன்றைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பேசி வைத்திருந்தான். என் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டான்.

கானிலிருந்து வண்டியை எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே ஓடியது. கியரைப் போட்டேன். எஞ்சின் இரைந்தது. ஜீப் அசையவில்லை. இந்திரகுமார் நுஹ்மானுக்கு ஃபோன் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கியர் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் மூக்கில் நீட்டினார். கருகிய வாசம்.

"என்ன நடந்துச்சு அண்ணே?"

நான் வாயைத் திறக்கும் முன் இந்திரகுமார் சொன்னார்: "எஞ்சினை நிப்பாட்டிட்டு இறக்கிக்கிட்டு வந்தாரு."

நுஹ்மான் கம்பியைத் துடைத்தார். "எத்தனை நாளா இப்படி?"

"வாங்கின நாள்ல இருந்து, நானா."

அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசம். நாலு தரம் பிரேக்கைக் கழட்டினேன். ஒருக்காவாவது சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலியே."

"இதைப் போய் யாரு கேப்பா? சோறு தின்ன வந்தவர்கிட்ட, வாயைத் திறந்தீங்களான்னு கேக்கிறதா? இதுல எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்குப் பலம். எஞ்சின் ஓடினாத்தான் கியர்பொக்ஸுக்குள்ள ஒயில் ஓடும். தினமும் நாலு மைல் வெறும் பல்லை அரைச்சிருக்கீங்க."

"அப்ப நம்ம துரையோட ஜீப்?"

"அது கையால போடுற கியர். அது உங்களைத் தாங்கிச்சு."

இந்திரகுமார் இடையில் வந்தார். "நானா, அப்ப இது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா?"

"ரேடியேட்டர்தான் கொஞ்சம் வீக். அதையும் மாத்தியாச்சு. மத்தபடி, இந்த ஏழுமலை அண்ணன் ஓட்டாட்டி நல்ல வண்டி."

இந்திரகுமார் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு, ஆற்றில் வருகிறவர்களைக் கீழே போய் எடுக்க வேண்டும், வேறு வண்டி பார்க்கிறேன், குறை நினைக்க வேண்டாம் என்றார். குறை நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

தோட்டத்து ட்ராக்டர் வந்து ஜீப்பை இழுத்துக்கொண்டு போனது. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஓர் இறக்கம் வந்ததும் முன்னால் போன நுஹ்மான் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நான் சாவியை விரலால் சுட்டிக் காட்டினேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். விஜயகலா ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜீப்பு மேல தப்பில்ல?"

"இல்ல."

"பாவம், அது" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தேன். மழை பெய்தது. காக்கிச் சட்டையை விஜயகலா தேய்த்து வைத்திருந்தாள். ஏழு மணிக்கு ஃபெக்டரி ஒஃபிஸில் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் ஒரு விசிலும் குடையும் தந்தார். எட்டேகாலுக்குத் துரையின் ஜீப் மேலிருந்து இறங்கி வந்தது. பழையதுக்குப் பதிலாக வாங்கிய மூன்றாம் தலைமுறை அது. எஞ்சின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. கேட்டைத் திறந்தேன். டிரைவர் கை காட்டினான். கேட்டை மூடினேன். பதினொரு மணிக்கு ரப்பர் பால் லொறி வந்தது. மதியம் நுஹ்மான் ஃபோன் போட்டு, கியர்பொக்ஸ் வர மூன்று வாரம் ஆகும் என்றார். நான்கு மணிக்கு வீட்டுக்குப் போனேன்.